சவ்வரிசி வந்த வழி

பெயர் ஒன்றாகவே நிற்க, அப்பெயர் குறிக்கும் பொருள் மட்டும் காலப்போக்கில் மாறிவிடுதல் மொழியிலே காணப்படும் இயல்பு. அவ்வியல்பு அடுக்களையிலும் உண்டு. அதற்கு நல்லதொரு சான்று சவ்வரிசி.

ஜொகூர் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த பண்டார் தெங்காரா போன்ற ஊர்களின் மளிகைக் கடைகளில், ஒரே மணியை இரு சாரார் இரு பெயர் சொல்லிக் கேட்பர். தமிழ்த் தாய்மார் பாயசத்திற்கும் வடகத்திற்கும் 'சவ்வரிசி' வேண்டும் என்பர். தேங்காய்ப்பாலும் 'குலா மலாக்கா' என்னும் கருவெல்லமும் சேர்த்து இனிப்புச் செய்யும் மலாய்க்காரர் 'சாகு' வேண்டும் என்பர். கடைக்காரர் இருவருக்கும் ஒரே பொட்டலத்தையே எடுத்துத் தருவார். அதனுள் இருப்பது அரிசி அன்று என்பதை எல்லாரும் அறிவர். பல வேளைகளில் அது சாகுவும் அன்று என்பதைச் சிலரே அறிவர்.

மரத்தினுள் விளையும் மாவு

சாகு என்பது ஒருவகைப் பனையின் பெயர். சதுப்பு நிலத்தில் வளரும் அம்மரம் வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும். பூப்பதற்கு வேண்டிய உணவையெல்லாம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தன் அடிமரத்தினுள் மாவாகச் சேர்த்து வைக்கும். பூக்கும் பருவத்திற்குச் சற்று முன்னர் மரத்தை வீழ்த்தி, உள்ளே இருக்கும் சோற்றைச் சிதைத்து நீரிலே அலசினால் மாவு அடியில் தங்கும். சரவாக்கில் முக்கா வட்டாரத்து மெலனாவ் மக்களுக்கு இதுவே தொன்றுதொட்டு வந்த உணவு. ஜொகூரிலும் பத்து பகாட் பகுதியில் இப்பனை வளர்கிறது.

இம்மாவை மணியாக உருட்டி உலர்த்தும் தொழில் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சீனர் கையில் வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அத்தகைய ஆலைகள் பல இருந்தமையால் சிங்கப்பூரில் ஒரு தெரு இன்றும் 'சேகோ தெரு' என்றே வழங்குகிறது. மலாயின் 'சாகு' ஆங்கிலத்தில் 'சேகோ' ஆயிற்று. தமிழிலோ அரிசியைப் போன்ற சிறு மணியாதலின் 'அரிசி' என்னும் சொல் அதனோடு ஒட்டிக்கொண்டது. முற்பகுதியான 'சவ்' என்பதைச் 'சாவகம்' என்பதன் திரிபாகக் கொள்வாரும் உளர். சாவக நாடு தமிழர்க்குப் புதிதன்று. பசியால் வாடிய அந்நாட்டிற்கு அமுதசுரபியோடு கப்பலேறிய ஆபுத்திரன் வரலாற்றை மணிமேகலை கூறுகிறது.

கடல் கடந்த கிழங்கு

இனி, பனையின் இடத்தைப் பிடித்த பொருள் யாது எனின், அது மரவள்ளிக் கிழங்கு. மலாய் மொழியில் அதனை 'ஊபி காயு' என்பர். அதன் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் முதலிய ஐரோப்பியர் வழியாக அது ஆப்பிரிக்காவிற்கும் ஆசியாவிற்கும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாக்காவில் சீனர் அதனைப் பெருவாரியாகப் பயிரிட்டு, மாவும் மணியும் செய்து ஏற்றுமதி செய்தனர். பனை முதிரப் பத்தாண்டுக்கு மேல் வேண்டும். கிழங்கோ ஓராண்டுக்குள் கைக்கு வரும். ஆகவே சாகு மணி செய்யும் கைத்திறன் கிழங்கு மாவிற்கும் எளிதாகப் பொருந்திற்று.

திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இக்கிழங்கின் சாகுபடியைப் பரப்பினார். அவர் செய்த நன்மை இரண்டாம் உலகப் போரின் போது விளங்கிற்று. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோக, மரவள்ளியே அந்நாட்டு ஏழை மக்களின் உயிரைத் தாங்கிற்று.

ஒரே கிழங்கு, இரு வரலாறு

அதே 1942-இல் மலாயாவும் ஜப்பானியர் கைப்பட்டது. 1945 வரை நீடித்த அவ்வாட்சியில் அரிசி அரிதாயிற்று. தோட்ட மக்கள் கிடைத்த நிலத்திலெல்லாம் மரவள்ளியை ஊன்றி, அதையே மூவேளையும் உண்டு காலம் கழித்தனர். வயிறு நிறைந்தும் உடல் தேறவில்லை. ஊட்டக் குறைவால் கால் வீக்கமும் பெரிபெரி என்னும் நோயும் கண்டன. அக்காலத்தைக் கண்ட முதியோர் பலர் பின்னாளில் அக்கிழங்கைத் தொடவும் விரும்பினாரல்லர்.

மலாயாவிலே பசியின் அடையாளமான அக்கிழங்கு, அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்திற்குத் தொழிலாக அமைந்தது. போரினால் அயல்நாட்டுச் சேகோ வரத்து தடைப்பட்டிருந்த வேளை அது. சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் வாணிகத்தின் பொருட்டுக் கேரளம் சென்று வருபவர். ஆங்கே மரவள்ளி மாவின் பயனைக் கண்டார். பினாங்கிலிருந்து குடிபெயர்ந்து வந்திருந்த போபட்லால் ஜி. ஷா என்பாருக்கு அம்மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் முறை தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்து 1943-இல் சேலத்தில் குடிசைத் தொழிலாக இதனைத் தொடங்கினர். சேலத்துக் கைவினைஞர் வெங்கடாசல கவுண்டர் அதற்குரிய பொறிகளைச் செப்பஞ் செய்தார்.

மறு ஆண்டே ஒரு தடை எழுந்தது. நாடெங்கும் உணவுப் பஞ்சம் நிலவிய 1944-இல், நேராக உண்ணத்தக்க கிழங்கை மணியாக்கி வெளியே அனுப்புதல் தகாது எனக் கருதிய மாவட்ட ஆட்சியர், அதனை மாவட்டத்திற்கு வெளியே கொண்டுபோவதைத் தடுத்தார். உற்பத்தியாளர் சங்கம் கூட்டி முறையிட்டு அத்தடையை நீக்கிக்கொண்டனர். ஆட்சியரின் கவலை பொருளற்றதன்று. எனினும் மறுபக்கமும் ஒன்று உண்டு. தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடும்; மணியோ மாதக்கணக்கில் கெடாது, நெடுந்தொலைவும் செல்லும்.

தொட்டிலில் உருளும் மணி

செய்முறை அறியத்தக்கது. கிழங்கின் தோலைச் சீவிக் கழுவி அரைப்பர். அரைத்ததை நீரோடு சலித்தால் நார் மேலே நிற்க, பால் கீழே இறங்கும். தொட்டியிலே பால் தெளிந்ததும் வெண்மாவு அடியிற் படியும். ஈரமான அம்மாவைத் தொட்டில் போலக் கட்டிய துணியிலிட்டு முன்னும் பின்னும் ஆட்ட, அது தானே உருண்டு மணியாகத் திரளும். பின் சல்லடையில் சலித்து, எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்து வெயிலில் உலர்த்துவர். வறுக்காமல் ஆவியில் வேகவைத்து உலர்த்துவது 'நைலான் சவ்வரிசி' எனப்படும்.

இவ்வேலையில் மற்றொரு பயனும் உளது. மரவள்ளியில் நஞ்சாக மாறக்கூடிய பொருள் ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. கசப்பு வகையில் அது மிகுதி. அரைத்து அலசுவதால் அந்நஞ்சு நீரோடு போய்விடும். கிழங்கை வீட்டில் அவிக்கும் தாய்மார் தோலை முற்றும் நீக்கி, வெந்த நீரைக் கொட்டிவிடுவதும் இக்காரணம் பற்றியே.

கலப்படமா?

பனைமாவின் பெயரைக் கிழங்குமாவிற்கு இடுதல் ஏமாற்று ஆகாதோ என்னும் வினா எழுதல் இயல்பே. இந்திய உணவுச் சட்டம் இதற்கு விடை கூறியுள்ளது. சாகுப் பனையின் மாவிலிருந்தோ மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்தோ செய்த சிறு மணி எதுவாயினும் சேகோவே என அது வரையறுக்கிறது. 1981-இல் சேலத்து உற்பத்தியாளர்க்கெனச் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மராட்டியத்தில் நோன்பு நாளில் தானியத்தை விலக்கிச் சவ்வரிசிக் கிச்சடி உண்பார்க்கு அம்மணியை அனுப்புவதும் பெரும்பாலும் சேலமே.

மலேசியக் கடைகளிலோ இருவகையும் கிடைக்கும். உறையின் முகப்பில் 'சாகு' என்றிருப்பினும், பின்புறத்து மூலப்பொருள் வரியையும் படித்தல் நன்று. பனை மணி சற்றே பழுப்பு. கிழங்கு மணி வெண்மை. மிதமிஞ்சிய வெண்மையோ ஐயத்திற்குரியது. வெளுப்பதற்கு வேதிப்பொருள் சேர்ப்பாரும் உளர்.

இருவகையிலும் ஒரு குறை பொது. 100 கிராம் சவ்வரிசி ஏறத்தாழ 350 கலோரி வெப்பம் தரும். புரதமோ ஒரு கிராம் கூட இராது. நோயாளிக்கு எளிதிற் செரிக்கும் கஞ்சியாக இது தக்கது. ஆயின் அதனையே நம்பிக் குழந்தையை வளர்த்தல் ஆகாது. பாலும் பருப்பும் உடன் வேண்டும். போர்க்காலத்துத் தோட்ட மக்கள் தம் உடலால் கற்ற பாடம் அதுவே.

பனையின் பெயரும், அமெரிக்கக் கிழங்கின் மாவும், சீனர் கைத்திறனும், பினாங்கிலிருந்து வந்தவர் அறிவும், சேலத்தார் உழைப்பும் ஒருங்கே திரண்ட மணி இது. தோட்டத்து வீட்டில் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பாயசம் கொதிக்கையில், ஏன் இதற்கு அரிசி என்று பெயர் என்று குழந்தை கேட்குமாயின், விடையாகச் சொல்வதற்கு ஒரு நல்ல வரலாறு இருக்கிறது.