சல்வீனியாவின் உலர்தாள்

சல்வீனியா மொலெஸ்டா நீரில் மிதக்கும் பன்னம். தாயகம் தென்கிழக்கு பிரேசில். 1939இல் கொழும்பிலிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கு வந்த இது, அங்கிருந்து வெளியேறி வயல்களையும் குளங்களையும் மூடியது. அதற்கு முன்பே ஆகாயத்தாமரை இலங்கைக்குள் வந்துவிட்டது; அதைத் தடுக்க 1909இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

இத்தகைய களை எப்போது, எங்கே வந்தது என்பதற்கு, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் உலர்தாவரகம் சாட்சி. இலங்கையின் தேசிய உலர்தாவரகம் பேராதனைப் பூங்காவில் இருக்கிறது. நீர்த்தாவரத்தைக் கரையில் எடுத்தால் சுருண்டுவிடும். எனவே தட்டிலுள்ள நீரில் மிதக்கவிட்டு, அடியில் தாளைச் செருகி மெல்லத் தூக்குவார்கள். பின்பு அழுத்தி உலர்த்தி ஒட்டி, சேகரித்தவர், நாள், இடம், உயரம் ஆகியவற்றை எழுதுவார்கள்.

இலையின் மேலுள்ள மயிர்கள் நுனியில் கூண்டுபோல் இணைந்திருக்கும். அழுத்தினால் அவை நசுங்கிவிடும் என்பதால், நீருக்கடியில் சரமாகத் தொங்கும் வித்திப்பைகளும் தாளில் இடம்பெற வேண்டும். இனங்களைப் பிரித்தறிய உதவுபவை அவையே. இலங்கைச் செடி நெடுங்காலம் சல்வீனியா ஆரிகுலாட்டா என்றே எழுதப்பட்டது; மொலெஸ்டா தனி இனம் என 1972இல்தான் தாவரவியலாளர் மிட்செல் பெயரிட்டார். பெயர்ப்பிழைக்குக் கொடுத்த விலை பெரிது: வேறு சல்வீனியா இனங்களிலிருந்து பிடித்துவந்த பூச்சிகள், இதே களை பரவிய ஆப்பிரிக்காவில் பெரிதாகப் பயன் தரவில்லை. 1978இல் உண்மையான தாயகம் தெரிந்த பிறகே சிர்டோபேகஸ் சல்வீனியே என்னும் சிறு வண்டு கிடைத்தது. 1986இல் இலங்கையில் விடப்பட்ட அது களையைப் பெரிதும் அடக்கியது.

மலையகத்தில் உயரக் குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அந்தக் குளிரில் செடியும் மெதுவாக வளரும், வண்டும் மெதுவாகப் பெருகும். தாழ்நில வெற்றியை அப்படியே இங்கே எதிர்பார்க்க முடியாது. அட்டன் பக்கத்துக் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் களனி ஆற்றின் தலைநீர் என்பதால், இங்கே வேர்கொள்ளும் களை கீழேயும் போகும்.

தாள் இல்லாததைச் செடி இல்லாததாகக் கொள்ளக்கூடாது. சேகரிப்பவர்கள் அரியவற்றையே நாடுவதால், எங்கும் கிடக்கும் களை பெரும்பாலும் விடுபடுகிறது. தோட்டத்துப் பீலியும் ஓடையும் இன்னும் கூடுதலாக விடுபடும்.

மாதிரி எடுப்பவர் அதை உயிரோடு சுமந்து திரியக்கூடாது. இது வித்திகளால் பெருகாத மலட்டுச் செடி; ஆனால் ஒடிந்த ஒரு கணு போதும். எடுத்ததை இறுகக் கட்டிய பையில் கொண்டுபோய், மிஞ்சியதை நீரிலிருந்து தள்ளி வெயிலில் முற்றாகக் காயவிட வேண்டும்.