மண்ணில் கிடந்த மருந்து

சென்ற வாரம் 1954 டிசம்பரில், பொஸ்டனில் நிறுத்தினோம். சத்திரசிகிச்சை நிபுணர் யோசப் மரே ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார்; அது நின்று வேலை செய்தது. ஆனால் அச்சொட்டான இரட்டையர் எத்தனை பேருக்கு வாய்க்கும்? மற்றவர்களின் உடல் வந்த உறுப்பை அந்நியமாகவே கண்டு அழித்தது. வெட்டித் தைக்கக் கை பழகிவிட்டது, மருந்துதான் இல்லை.

1960களில் அசத்தியோப்பிரினும் ஸ்டெரொயிட்டும் சேர்ந்து பலரைக் காப்பாற்றின. ஆனால் அசத்தியோப்பிரின் பெருகும் கலங்களையெல்லாம் தாக்கும். என்பு மச்சையும் தப்பாது. நிராகரிப்பிலிருந்து மீண்ட சிலர் கிருமித்தொற்றில் போய்ச்சேர்ந்தார்கள்.

அடுத்து வந்த பெரிய மருந்துகளில் மூன்று மண்ணிலிருந்து வந்தவை. செம்பாட்டு மண்ணில் புகையிலையும் வெங்காயமும் வைத்த இணுவிலாருக்கு மண்ணின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை. 1969இல் சண்டோஸ் கம்பனி ஊழியர் ஒருவர் விடுமுறைக்குப் போன நோர்வே மேட்டுநிலத்தில் மண் அள்ளிவந்தார். கம்பனி தேடியது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்தை. 1972இல் அதன் பாசல் ஆய்வுகூடத்தில் அகப்பட்டதோ வேறொன்று: சைக்ளோஸ்போரின். அந்நியத்தைக் கண்டால் நமது ரி கலங்கள் இன்ரர்லியூக்கின்-2 என்ற பொருளைச் சுரந்து, ‘பெருகு’ என்று தம்மினத்தை அழைக்கும். இந்த மருந்து கலத்தைக் கொல்லாமல் அந்த அழைப்பை மட்டும் அடக்கியது. 1978இல் கேம்பிரிட்ஜில் ரோய் கான் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் ஓராண்டு தாண்டுவது பாதிக்குப் பாதி என்றிருந்த நிலை, நூற்றுக்கு எண்பதளவுக்கு உயர்ந்தது. 1984இல் யப்பானின் சுக்குபா மண்ணிலிருந்து டாக்ரோலிமஸ் வந்தது.

மூன்றாவதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நெகிழும். ஈஸ்டர் தீவு மண்ணில் கிடைத்த ராபமைசினை மொன்றியலில் ஆராய்ந்தவர் சுரேன் சேகல், பிரிவினைக்கு முந்திய இந்தியாவில் பிறந்தவர். 1980களின் தொடக்கத்தில் அவர் வேலை செய்த கம்பனி மொன்றியல் ஆய்வுகூடத்தை மூடி, ராபமைசின் வேலையைக் கைவிட்டது. அவர் கைவிடவில்லை. சில குப்பிகளை வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். 1999இல் அமெரிக்கா அதைச் சிறுநீரக மாற்றத்துக்கு அங்கீகரித்தது.

இணுவிலில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் டாக்ரோலிமஸ் குளிசையில் வாழ்கிறார். காலை ஆறு, மாலை ஆறு. கிளினிக் நாளில் மட்டும் காலைக் குளிசையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவார். குருதி எடுத்த பிறகே விழுங்குவார். அடுத்த குளிசைக்குச் சற்று முன் உடலில் எஞ்சியிருக்கும் அளவுதான் கணக்கு. குறைந்தால் நிராகரிப்பு, கூடினால் அதே மருந்து சிறுநீரகத்தையே கெடுக்கும். பம்பளிமாசும் அவருக்கு விலக்கு: குடலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியத்தை அது தடுத்து, அளவை ஏற்றிவிடும். “தம்பி தந்த கிட்னியை நான் நேரம் பிந்திக் கெடுக்கேலாது” என்றார்.

1990களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தவறாமல் விழுங்கவேண்டிய ஒரு குளிசையை நம்பி எவர் இருந்திருக்க முடியும்? 2022இல் நாடு முழுவதும் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் பயம் திரும்ப வந்தது. வேறெது தீர்ந்தாலும் இந்தக் குளிசைகள் அரச வைத்தியசாலைகளில் ஒருநாளும் தீரவிடக்கூடாது.

(தொடரும்)