துணுக்குகளைச் சேர்த்த கன்னியர்

ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்த பின், எஞ்சிய அப்பத் துண்டுகளைச் சேர்த்து வைக்குமாறு ஆண்டவர் தம் சீடரைப் பணித்தார். ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்ய வல்லவர் சிதறிய துண்டுகளை ஏன் பொருட்படுத்தினார்? இறைவன் அளித்த எதுவும் வீணாகலாகாது என்பதே அவர் புகட்டிய பாடம். அப்பத்திற்கு மட்டுமன்று, நினைவுகளுக்கும் இது பொருந்தும். இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்ட ஒரு கன்னியர் குழுவின் நினைவேட்டைப் பற்றி இங்குக் காண்போம்.

அமெரிக்க நாட்டின் மேரிலாந்து மாநிலத்தில் எமிட்ஸ்பர்க் என்பது ஒரு சிற்றூர். 1975-இல் புனிதராக உயர்த்தப்பெற்ற எலிசபெத் ஆன் சீட்டன் அம்மையார், 1809-இல் அங்கு ஒரு சகோதரியர் சபையை நிறுவினார். 1850-இல் அது புனித வின்சென்ட் தே பவுலின் பிறரன்புப் புதல்வியர் சபையோடு இணைந்தது. 1861-இல் அடிமைமுறையை முன்னிட்டு வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே போர் மூண்டபோது, இச்சபையின் இருநூறுக்கும் மேற்பட்ட சகோதரியர் இரு தரப்பு வீரர்க்கும் மருத்துவப் பணி ஆற்றினர்.

1863 ஜூன் இறுதியில் வடபுலப் படை இம்மடத்து நிலங்களிலேயே பாசறை அமைத்தது. பசித்து வந்த வீரர்க்குச் சகோதரியர் உணவளித்தனர். ஜூலை 1 முதல் 3 வரை, ஏறத்தாழப் பதினாறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கெட்டிஸ்பர்க்கில் கடும்போர் நிகழ்ந்தது. மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் பேர். ஜூலை 5, ஞாயிறன்று, ஆன்ம இயக்குநர் பர்லாந்தோ அடிகளார் சகோதரியருடன் அங்கு விரைந்தார். வழியில் படைவீரர் சுட்டுவிடாதிருக்க, ஒரு கோலில் வெள்ளைத் துணியைக் கட்டி உயர்த்திச் சென்றனர். சாலையெங்கும் மனிதர், குதிரைகளின் உடல்கள் கிடந்தன. ஊரிலிருந்த புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்தின் இருக்கைகளிலும் நடைவழியிலும் பீட முற்றத்திலும் காயமுற்றோர் கிடத்தப்பட்டிருந்தனர்.

போர் முடிந்தபின், 1866-இல், தாம் கண்டவற்றை எழுதித் தருமாறு பர்லாந்தோ அடிகளார் சகோதரியரைக் கேட்டுக்கொண்டார். பல மருத்துவமனைகளிலிருந்து வந்த குறிப்புகள் ஒன்றுசேர்க்கப்பெற்றன. அவற்றில் வீரச் செயல்களின் ஆரவாரம் இல்லை. காயங்களைக் கழுவியது, இறக்கும் தறுவாயில் திருமுழுக்குக் கேட்டவர்கள், கன்னியரை முன்பின் கண்டிராதவர்கள் வெறுப்பு நீங்கி அன்பு கொண்டது ஆகியனவே உள்ளன. எழுதியவர்களோ தம்மை முன்னிறுத்திக்கொள்ளவில்லை. பெரும்பாலும் 'சகோதரியர்' என்று மட்டுமே குறித்தனர்.

வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாதெனில், இவ்வாறு எழுதி வைப்பது தாழ்ச்சிக்கு முரணன்றோ என வினவலாம். முரணன்று. தம்மைப் புகழ எழுதுவது செருக்கு. இறைவன் தம் வழியாகச் செய்ததை மறவாதிருக்க எழுதுவது நன்றியறிதல்.

இத்தகைய ஏடுகளின் பயன் பின்னாளில் விளங்கிற்று. போர்க்களத்தில் தொண்டாற்றிய கன்னியர்க்குத் தலைநகர் வாஷிங்டனில் நினைவுச்சின்னம் எழுப்ப எல்லன் ரையன் ஜாலி என்னும் அம்மையார் முயன்றபோது, அரசு சான்றுகளைக் கேட்டது. அவர் பல ஆண்டுகள் உழைத்துப் பல சபைகளின் பணிகளைப் பற்றிய சான்றுகளைத் திரட்டினார். 1924 செப்டம்பர் 20-இல், பன்னிரு சபைகளின் சகோதரியரைச் சித்திரிக்கும் சின்னம் திறக்கப்பெற்றது. எழுதி வைத்தோர் இலராயின், அன்று எதனைச் சான்றாகக் காட்டியிருக்க இயலும்?

அன்பார்ந்த குடும்பத்தினரே, நம் பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் நம் முன்னோரின் பெயரும் நாளும் உண்டு. ஆனால் கொள்ளைநோயில் அண்டை வீட்டாரைப் பேணியவர் யார், ஆலயத்திற்குக் கல் சுமந்த கைகள் எவை, ஊர் இரண்டுபட்டபோது சமாதானம் பேசியவர் யார் என்பன எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவை நம் பாட்டன் பாட்டியர் நெஞ்சிலும், நம் மடங்களில் வாழும் முதிய சகோதரியர் நெஞ்சிலுமே உள்ளன. அந்நெஞ்சங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து வருகின்றன.

ஆகவே, வீட்டுக்கு ஓர் ஏடு வாங்குவோம். ஞாயிறு மாலையில் செபமாலை முடிந்ததும் பெரியோர் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். பழைய நிழற்படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் குறிப்போம். பெருமைக்குரியவற்றை மட்டுமன்றி, பட்ட துன்பங்களையும் மறைக்காது எழுதுவோம். துண்டுகளைச் சேர்க்கும் கூடை நம் கையில்தான் இருக்கிறது.