லே-ஆஃப் ஆகிடுச்சா? வேற துறைக்குப் போகும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

"ஹெச்.ஆர் கூப்பிடுறாங்க, கொஞ்சம் வாங்க." பத்தே நிமிடத்தில் மீட்டிங் முடிந்துவிடும். எதிரே ஒரு தாள் இருக்கும். 'சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்' என்று அதில் எழுதியிருக்கும். "இப்படிப் போனா ரெக்கார்ட் நல்லா இருக்கும், அடுத்த வேலை ஈஸியா கிடைக்கும்" என்பார்கள்.

அந்த இடத்தில் அவசரப்படாதீங்க. வேறு துறைக்கு மாற உங்களுக்கு எத்தனை மாதம் அவகாசம் கிடைக்கும் என்பது பெரும்பாலும் அந்தக் கையெழுத்தைப் பொறுத்ததுதான்.

ராஜினாமாவா, ஆட்குறைப்பா?

சட்டப்படி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருபவர், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், ஆட்குறைப்பின்போது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். அதோடு, முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது. அதுதான் மறுதிறன் நிதி. ஆட்குறைப்புக்கு ஆளானவரின் கணக்கில் 45 நாட்களுக்குள் 15 நாள் சம்பளம் வரவு வைக்கப்பட வேண்டும். புதுசா ஒரு தொழிலைக் கற்றுக்கொள்ளத்தான் இந்தப் பணம்.

நீங்களாகவே ராஜினாமா செய்ததாக எழுதிக் கொடுத்தால் இவை எதையும் கேட்க முடியாது. பணிக்கொடை மட்டும் வேறு கணக்கு. 5 ஆண்டு முடித்திருந்தால் ராஜினாமா செய்தாலும் அது உண்டு.

மேனேஜர் பொறுப்பில் இருப்பவர்கள் 'தொழிலாளி' ஆகமாட்டார்கள். ஐ.டி ஊழியர்களைப் பொறுத்தவரை, பதவியின் பெயரைவிட என்ன வேலை செய்தார் என்பதுதான் பார்க்கப்படும். சந்தேகம் இருந்தால், "படிச்சுப் பார்த்துட்டு நாளைக்கு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, தொழிலாளர் துறை அலுவலகத்திலோ வழக்கறிஞரிடமோ கேட்பது நல்லது.

பி.எஃப் பணத்தை எடுக்கலாமா?

கைச்செலவுக்கு முதலில் கை வைப்பது இதில்தான். துறை மாறினாலும் யு.ஏ.என் எண் மாறாது. புது நிறுவனத்திலும் அதே எண் தொடரும். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு சேவை வேண்டும். நடுவில் ஓய்வூதியப் பணத்தை எடுத்துவிட்டால், அதுவரை சேர்ந்த ஆண்டுகள் கணக்கில் வராது. எட்டு, ஒன்பது வருடம் சர்வீஸ் உள்ளவர்கள் இதில் ரொம்பவே யோசிக்க வேண்டும்.

நிறுவனம் கொடுத்த மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும். அதைத் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று, ரிலீவ் ஆவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பழைய துறை திரும்பி வருமா?

வரலாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. 2019-ல் அதே ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஃபாக்ஸ்கான் ஐபோன் தயாரிக்கத் தொடங்கியது. நடுவில் 5 வருடம்! அதுவரை இ.எம்.ஐ காத்திருக்குமா?

அதனால், பழைய பதவியின் பெயரிலேயே வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தினமும் என்ன செய்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு, சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்த ஒருவர் செய்தது என்ன? விதிப்படி இயங்குகிறதா என்று சோதித்து, ஆதாரத்தோடு பதிவு செய்தது. மருந்து நிறுவனங்களில் 'வேலிடேஷன்' பிரிவு செய்வதும் இதைத்தான். கால் சென்டரில் கோபக்கார வாடிக்கையாளர்களைச் சமாளித்தவரை மருத்துவமனை இன்சூரன்ஸ் டெஸ்க்கிலும் தேடுகிறார்கள். ரெஸ்யூமில் அந்தத் துறையின் வார்த்தைகளைப் போட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

சம்பளம் முதலில் குறையவே வாய்ப்பு அதிகம். எவ்வளவு குறைந்தால் வீடு தாங்கும் என்று இன்டர்வியூவுக்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுங்கள். லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டி கோர்ஸில் சேரும் முன், அந்தத் துறையில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேரிடமாவது பேசுங்கள். பல கோர்ஸ்களின் 'நூறு சதவீத வேலை உத்தரவாதம்' விளம்பரத்தோடு சரி.

தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் பதிவு இலவசம். மாவட்டங்களில் நடக்கும் வேலைவாய்ப்பு முகாம்களுக்கும் கட்டணம் கிடையாது. "ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் அனுப்புங்க, ஆஃபர் லெட்டர் ரெடி" என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் அனுப்பாதீங்க. ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.