மாவட்டம் மாறினால் வட்டமும் மாற வேண்டும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணினி அறிவியல்)

மனு எழுதாமல் வாழ்க்கையைக் கடந்தவர் நம் நாட்டில் இருக்க முடியாது. பிறந்தால் ஒரு படிவம், பள்ளியில் சேர்ந்தால் ஒரு படிவம், குடும்ப அட்டைக்கு ஒன்று, உதவித்தொகைக்கு ஒன்று என்று படிவங்கள் நம்மைத் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கின்றன. நம் பெற்றோர் காலத்தில் அவை காகிதத்தில் இருந்தன. இன்று அவற்றுள் பல கணினித் திரைக்கு வந்துவிட்டன. காகிதப் படிவம் எழுதியதை எழுதியபடியே வைத்துக்கொள்ளும். திரையில் உள்ள படிவமோ நாம் ஓரிடத்தைத் தொட்டால் இன்னோர் இடத்தை மாற்றிக் காட்டும். இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, எங்கே பிசகுகிறது, பிசகாமல் காப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. எங்கள் ஊர் சீர்காழி வட்டத்தைச் சேர்ந்தது. சீர்காழி முன்பு நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது. 2020 ஆம் ஆண்டில் மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம் ஆகிய நான்கு வட்டங்களைக் கொண்டு மயிலாடுதுறை மாவட்டம் தமிழ்நாட்டின் 38 ஆவது மாவட்டமாக உருவாயிற்று. கீழ்வேளூர், திருக்குவளை, நாகப்பட்டினம், வேதாரண்யம் ஆகிய நான்கு வட்டங்கள் பழைய மாவட்டத்திலேயே நின்றன.

நான் முதலாண்டில் சேர்ந்தபோது ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்காக என் தாயாரும் நானும் ஒரு கணினி மையத்துக்குச் சென்றோம். அங்கிருந்தவர் பழைய பழக்கத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டார். "அண்ணா, நாங்க இப்ப மயிலாடுதுறை மாவட்டம்" என்றேன். "அட, ஆமாம்மா, மறந்துட்டேன்" என்று மாவட்டத்தை மட்டும் மாற்றினார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. படிவம் போய்ச் சேர்ந்தது. சில நாட்களில் திரும்பியும் வந்தது. மாவட்டமும் வட்டமும் பொருந்தவில்லை என்பது காரணம். ஒப்புகைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். மாவட்டம் மயிலாடுதுறை, வட்டம் கீழ்வேளூர்! மறுபடி விண்ணப்பிக்க என் தாயார் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். திரும்பும் வழியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "நாம சரியாத்தானே சொன்னோம்? பொட்டி ஏன் மாத்தி எழுதிக்கிச்சு?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. இந்த ஆண்டு ஜாவாஸ்கிரிப்ட் கற்றபோதுதான் தெரிந்தது.

எலும்பும் உடையும் அசைவும்

இணையப் பக்கம் ஒன்று மூன்று பகுதிகளால் ஆனது எனலாம். எச்.டி.எம்.எல். அதன் எலும்புக்கூடு. எங்கே தலைப்பு, எங்கே பெட்டி, எங்கே பொத்தான் என்பதை அது சொல்கிறது. சி.எஸ்.எஸ். அதன் உடை. நிறம், அளவு, இடம் ஆகியவை அதன் பொறுப்பு. ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு அசைவு தருவது.

1995 ஆம் ஆண்டு மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய பிரெண்டன் ஐக் என்பவர் இம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் உருவாக்கினார். அது முதலில் மோக்கா என்றும், பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் வழங்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்று பெயர் பெற்றது. ஜாவா என்னும் மொழியோடு பெயரளவில் மட்டுமே உறவு. 1997 இல் இதற்கு எக்மாஸ்கிரிப்ட் என்ற பெயரில் தர வரையறை வந்தது.

உலாவி ஒரு பக்கத்தைப் படித்தவுடன் அதை ஒரு மரமாகத் தன் நினைவகத்தில் அமைத்துக்கொள்கிறது. படிவம் ஒரு கிளை. அதிலுள்ள விரிபட்டியல் ஒரு சிறு கிளை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஓர் இலை. ஆய்வகத்தில் டிராப்டவுன் என்று நாம் சொல்வதையே இங்கு விரிபட்டியல் என்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் இந்த மரத்தில் புதிய இலையைச் சேர்க்கும், பழையதை நீக்கும், ஒரு கிளையை மறைக்கவும் செய்யும். மரம் மாறினால் திரை தானே மாறும். பக்கம் முழுவதையும் மறுபடி வரவழைக்க வேண்டியதில்லை.

விரிபட்டியல் இயங்கும் முறை

மாவட்டப் பட்டியலில் ஒருவர் வேறு பெயரைத் தேர்ந்தெடுத்ததும் உலாவி 'சேஞ்ச்' என்னும் நிகழ்வை எழுப்புகிறது. வாசலில் மணி அடித்தது போன்றது அது. அந்த மணிக்காகக் காத்திருக்கும் செயற்கூறு ஒன்றை நாம் முன்பே எழுதி வைத்திருப்போம். அது செய்ய வேண்டிய வேலைகள் நான்கு.

முதலாவது, எந்த மாவட்டம் தேர்வாகியுள்ளது என்று கேட்டறிதல். இரண்டாவது, வட்டப் பட்டியலில் உள்ள பழைய பெயர்களை எல்லாம் நீக்குதல். மூன்றாவது, 'வட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்னும் வெற்று வரியை முதலில் வைத்தல். நான்காவது, புதிய மாவட்டத்துக்குரிய வட்டங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தல்.

இவற்றுள் முதலாவதும் நான்காவதும் யாருக்கும் மறக்காது. மறந்தால் பட்டியலே வராது; பிழை உடனே வெளிப்பட்டுவிடும். இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியல்ல. அவற்றை மறந்தாலும் பக்கம் சரியாக இயங்குவது போலவே தோன்றும். எங்கள் படிவத்தில் நேர்ந்தது இதுவே என்பதை ஆய்வகத்தில் அதே போன்ற படிவம் ஒன்றை எழுதிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

நாகப்பட்டினம் என்று தேர்ந்தெடுத்தவுடன் நான்கு வட்டங்கள் அகரவரிசையில் வந்தன. வெற்று வரி இல்லாத ஒற்றைத் தேர்வுப் பட்டியலில் முதல் பெயரையே தேர்வானதாகக் கொள்வது உலாவியின் இயல்பு. ஆகவே யாரும் தொடாமலே கீழ்வேளூர் தேர்வாயிற்று. பின்பு மயிலாடுதுறை என்று மாற்றியபோது, பழைய நான்கை நீக்காமல் புதிய நான்கு அவற்றின் அடியில் சேர்ந்தன. பட்டியலில் எட்டுப் பெயர்கள். மேலே நிற்பது அதே கீழ்வேளூர். அடியில் பெயர்கள் சேர்வதால் முன்பு தேர்வானது மாறாது. பெட்டி நிரம்பியிருப்பதைப் பார்த்து, வேலை முடிந்தது என்று நாங்களும் எண்ணிவிட்டோம்.

கலியாண வீட்டில் முதல் பந்தி எழுந்தபின் இலையை எடுத்து, இடத்தைத் துடைத்து, புது இலை போட்டுத்தான் அடுத்த பந்திக்குப் பரிமாறுவார்கள். எச்சில் இலையிலேயே மறுபடி பரிமாறினால் யார் உட்காருவார்கள்? பட்டியலும் அப்படித்தான். துடைத்த பின்பே பரிமாற வேண்டும்.

நான் எழுதிய படிவத்தை எங்கள் விரிவுரையாளரிடம் காட்டியபோது, "மாவட்டத்தை மாற்றிவிட்டு, மறுபடி பழையதற்கே மாற்றிப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் இயங்குவது எளிது. மனிதர்கள் மனம் மாறுவார்கள், கை தவறுவார்கள். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சரியாக இயங்குவதே படிவம் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

பிந்தி வந்த விடை

எட்டு வட்டங்களைப் பக்கத்திலேயே எழுதி வைக்கலாம். மாநிலம் முழுவதிலும் உள்ள வருவாய்க் கிராமங்களை அவ்வாறு வைத்தால் பக்கம் பருத்துவிடும். எனவே வேண்டிய பெயர்களை மட்டும் அவ்வப்போது சர்வரிடம் கேட்டுப் பெறுவர். பக்கத்தை மாற்றாமல் இப்படிப் பின்னணியில் கேட்கும் முறைக்கு 2005 இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 'அஜாக்ஸ்' என்று பெயரிட்டார். இப்போது இதற்கு 'ஃபெட்ச்' என்னும் வசதி உலாவிகளிலேயே உள்ளது.

இங்கே இன்னொரு பிழை ஒளிந்திருக்கிறது. இருவருக்கு அடுத்தடுத்துக் கடிதம் எழுதினால், முதலில் எழுதியவரின் பதில்தான் முதலில் வரும் என்று சொல்ல முடியுமா? நாகப்பட்டினத்துக்கான கேள்வி முதலில் போகிறது. உடனே மயிலாடுதுறைக்கான கேள்வி போகிறது. இரண்டாவதன் விடை முந்தி வந்து பட்டியலை நிரப்புகிறது. முதலாவதன் விடை தாமதமாக வந்து அதை அழித்துத் தன் பெயர்களை நிரப்பிவிடுகிறது. துடைத்துப் பரிமாறியும் பிழை! கல்லூரி ஆய்வகத்தின் விரைவான இணைப்பில் இது எளிதில் தென்படாது. அலைவரிசை விட்டுவிட்டுக் கிடைக்கும் கிராமத்தில்தான் தலைகாட்டும். விடை வந்தவுடன், 'இப்போதும் தேர்வாகியுள்ளது இந்த மாவட்டம்தானா?' என்று ஒருமுறை சரிபார்த்து, இல்லையெனில் அதைத் தள்ளிவிடுவது இதற்கு மருந்து. விடை வரும்வரை வட்டப் பட்டியலைப் பூட்டி, 'காத்திருக்கவும்' என்று காட்டுவதும் நல்லது.

மறைப்பது வேறு, நீக்குவது வேறு

பட்டியலைப் போலவே பக்கத்தின் பகுதிகளையும் மாற்றலாம். 'குடும்பத்தில் முதல் பட்டதாரியா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றால் சான்றிதழ் எண் கேட்கும் பகுதி தோன்ற வேண்டும்; 'இல்லை' என்றால் மறைய வேண்டும். சி.எஸ்.எஸ். பண்பு ஒன்றை மாற்றினால் அது மறைந்துவிடும். ஆனால் மறைந்தது போய்விடவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நிற்கிறது. ஒருவர் 'ஆம்' என்று சொல்லி எண்ணை எழுதி, பிறகு 'இல்லை' என்று மாற்றினால், கண்ணுக்குத் தெரியாத அந்த எண்ணும் படிவத்தோடு போய்ச் சேரும்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. மறைந்திருக்கும் பெட்டி 'கட்டாயம் நிரப்புக' என்று குறிக்கப்பட்டு வெறுமையாக இருந்தால், உலாவி படிவத்தை அனுப்ப மறுத்துவிடும். பெட்டி மறைந்திருப்பதால் எதை நிரப்ப வேண்டும் என்று சுட்டிக்காட்டவும் அதனால் இயலாது. பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒன்றும் நடவாது. 'இணையம் சரியில்லை' என்று எழுந்து போகும் எத்தனையோ பேரின் தடைக்கு இத்தகைய காரணமும் இருக்கக்கூடும்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. மறைக்கும்போது அப்பகுதியை முடக்கவும் வேண்டும். தொடர்புடைய பெட்டிகளை 'ஃபீல்ட்செட்' என்னும் ஒரே உறைக்குள் வைத்து, அந்த உறைக்கு 'டிசேபிள்ட்' என்னும் பண்பைக் கொடுத்தால், உள்ளிருப்பவை யாவும் ஒருசேர முடங்கும். முடங்கியவை அனுப்பப்படுவதும் இல்லை, சோதிக்கப்படுவதும் இல்லை. மீண்டும் காட்டும்போது முடக்கத்தை நீக்கிவிடலாம்.

கடைசிக் காவல்

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்றை மறக்கலாகாது. ஜாவாஸ்கிரிப்ட் இயங்குவது விண்ணப்பிப்பவரின் கணினியில். அங்கே அது பாதியில் நின்றுபோகலாம், இயங்காமலும் போகலாம், வேண்டுமென்றே மாற்றப்படலாம். எனவே படிவம் வந்து சேர்ந்தவுடன், இந்த வட்டம் இந்த மாவட்டத்தில் உள்ளதா என்று சர்வரும் தன் பட்டியலைக் கொண்டு சோதிக்க வேண்டும். எங்கள் படிவத்துக்கு அச்சோதனை அப்போதே நடந்திருந்தால், 'பொருந்தவில்லை' என்ற செய்தி அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே கிடைத்திருக்கும். ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும்.

பட்டியலின் மூலத் தரவையும் காலத்துக்கேற்பத் திருத்த வேண்டும். மாவட்டங்கள் பிரிகின்றன, வட்டங்கள் புதிதாகின்றன. பெயர்களைச் செயற்கூறுக்குள் ஆங்காங்கே எழுதிவைக்காமல், தனிப் பட்டியலாக ஓரிடத்தில் வைத்தால் திருத்துவது எளிது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு குறியெண் கொடுத்து அந்த எண்ணையே அனுப்பினால், ஒருவர் சீர்காழி என்றும் மற்றொருவர் சீகாழி என்றும் எழுதும் குழப்பமும் நேராது.

முடிவுரை

நம் துறை மாணவர்களில் பலர் நாளை இத்தகைய படிவங்களை எழுதப் போகிறவர்கள். அவற்றை நிரப்பப் போகிறவர்களுள் நம் தாய் தந்தையரும் இருப்பர். திரையில் தோன்றுவது சரியென்று நம்பித்தான் அவர்கள் பொத்தானை அழுத்துகிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பழுது வராமல் நிரல் எழுதுவது நம் கடமை. மாவட்டம் மாறினால் வட்டத்தைத் துடைப்போம், தேர்ந்தெடுக்காததைத் தேர்ந்தெடுத்ததாகக் காட்டாதிருப்போம், மறைத்ததை முடக்குவோம், வந்ததை மறுபடி சோதிப்போம்.

சென்ற விடுமுறையில் நான் எழுதிய படிவத்தை என் தாயாருக்குக் கைப்பேசியில் காட்டினேன். மாவட்டத்தை மாற்றியதும் வட்டப் பெட்டி வெறுமையானதைப் பார்த்து, "இது கேக்குது, அது கேக்காமயே எழுதிக்கிச்சு" என்றார். பாடநூல் பல பக்கங்களில் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.