ஏலக்காய் விளைவது கேரளாவில், ஏலம் போவது போடியில்: ஒரு எல்லைத் தாலுகாவின் கதை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் 'மலைக்குப் போயிருக்காங்க' என்று யாராவது சொன்னால், சுற்றுலா போயிருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஏலத்தோட்ட வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். விடிவதற்குள் சோற்றுத் தூக்குடன் ஜீப்பில் ஏறி, மாநில எல்லையைத் தாண்டி, கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் காய் பறித்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்புகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

சரி, காய் அங்கே, ஆட்கள் இங்கே என்று ஆனது எப்படி?

மழை அந்தப் பக்கம், வெயில் இந்தப் பக்கம்

முதல் காரணம் மலைதான். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்து நிறுத்துவதால், மலையின் மேற்குச் சரிவு நனைகிறது. கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் போடி மழை மறைவுப் பகுதி. இங்கே மாவும் இலவம் பஞ்சும் விளையும். ஏலச்செடிக்கு இந்த வெயில் ஆகாது. ஏறத்தாழ 600 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரை உயரம், மர நிழல், ஈரம் குறையாத மண் மூன்றும் வேண்டும். மூன்றும் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை பக்கம் தாராளமாக உண்டு.

போடியிலிருந்து அங்கே போகும் வழி போடிமெட்டு. கொச்சி - தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையில், 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். இதேபோல் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, கூடலூர் தாண்டினால் குமுளி என்று தேனி மாவட்டத்துக்குக் கேரள வாசல்கள் மூன்று.

கோடு எப்போது விழுந்தது?

இந்த மலை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தேயிலை, ஏலத் தோட்டங்கள் உருவானபோது வேலைக்கு ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்துடன் சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. கன்னியாகுமரிப் பகுதித் தாலுகாக்களும் செங்கோட்டையும் கிடைத்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவுக்குப் போயின.

ஆனால் நிலம் கோட்டைப் பார்த்து அமைவதில்லையே! கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். அங்கே ஜீப்பில் போக வேண்டுமானால் கேரளாவின் சூரியநெல்லிக்குப் போய்த்தான் ஏற வேண்டும். டாப் ஸ்டேஷனுக்கும் மூணாறு வழியாகத்தான் சாலை. இந்தப் பெயரே ஒரு பழைய ரோப்வேயின் மிச்சம். மூணாறு தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பியில் தொங்கி குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போனது. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துச் சென்றுவிட்டது. ரோப்வே போய்விட்டது, சென்ட்ரல் என்ற ஊர் மட்டும் நடுமலையில் நிற்கிறது. இந்தச் சரிவில் முதுவர் பழங்குடியினர் வாழ்கிறார்கள். சாலை இல்லாத போடி மலைக் கிராமங்கள் சிலவற்றுக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரமே குதிரை முதுகில்தான் போகிறது.

ஏலம் ஏன் போடியில்?

பறித்த பச்சைக் காயைத் தோட்டத்து ஸ்டோரில் சூடேற்றிக் காயவைப்பார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ. அது மலையிறங்கி போடிக்கு வருகிறது. இங்கே சல்லடையில் சலித்து 8 மில்லி, 7 மில்லி என்று அளவு பிரிப்பதும், நிறம் பார்த்துப் பொறுக்குவதும் பெண்களின் கைவேலை. பிறகு நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம். நாட்டில் ஏலக்காய்க்கு இந்த ஏலம் நடக்கும் முக்கிய மையங்கள் இரண்டுதான்: இடுக்கியின் புற்றடி, தமிழகத்தின் போடி. வியாபாரிகள் மாதிரியைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்து, கணினியில் விலை கேட்கிறார்கள்.

சரக்கு வெளியேற 1928-ல் மதுரை - போடி ரயில் வந்தது. அகலப் பாதைப் பணிக்காக 2010 கடைசியில் நின்ற அந்த ரயில், 2023 ஜூன் 15 அன்றுதான் மீண்டும் போடிக்குள் நுழைந்தது. பன்னிரண்டு வருஷம் ஊர் காத்துக் கிடந்தது.

விலை ஏறினால் யாருக்கு?

2018 வெள்ளத்துக்குப் பின் விளைச்சல் குறைந்ததால், 2019 ஆகஸ்ட்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. மூன்றே வருஷத்தில் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. உலகச் சந்தையில் குவாதமாலா பெரும் போட்டியாளர் என்பதால், அங்கே விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் போடியில் எதிரொலிக்கும். 2024 கோடையில் மழை பொய்த்து இடுக்கியில் ஏலச்செடிகள் கருகின. செடி கருகினால் முதலாளிக்கு நஷ்டம். கூலிக்கு வருபவருக்கு வேலையே இல்லை.

இரண்டு அரசு, நடுவில் ஒரு ஜீப்

இவர்களுக்கு வீடும் ரேஷன் கார்டும் ஓட்டும் தமிழ்நாட்டில். கூலியும் வேலை நேரமும் தீர்மானமாவது கேரளாவில். போடி சட்டமன்றத் தொகுதி சின்னது அல்ல. 1989-ல் ஜெயலலிதா இங்கேதான் வென்றார், 2011 முதல் மூன்று முறை ஓ.பன்னீர்செல்வம் வென்றார். ஆனாலும் எல்லைக்கு அந்தப் பக்கம் நடக்கும் வேலைக்கு இந்தப் பக்கத்து எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும்?

இரண்டு மாநிலங்களுக்கும் சண்டை வந்தால் முதல் அடி இவர்களுக்குத்தான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை முற்றியபோது, தோட்டங்களில் இருந்த தமிழர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தே இறங்கினார்கள். 2020 கொரோனாவில் எல்லை மூடியதும் ஜீப்புகள் நின்றன. பறிக்க ஆள் இல்லாமல் அங்கே தோட்டக்காரர் தவித்தார், வருமானம் இல்லாமல் இங்கே குடும்பங்கள் தவித்தன.

ஜீப்பும் சாதாரண விஷயம் அல்ல. ஏற்ற வேண்டியதைவிடக் கூடுதலாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வளைவில் இறங்கும்போது விபத்துகள் நடந்திருக்கின்றன. தேவாரத்திலிருந்து சாக்குலூத்துமெட்டுக்கு நேரடிச் சாலை போட்டால் சுற்றும் செலவும் குறையும் என்பது மக்களின் பல வருஷக் கோரிக்கை. பாதை வனத்துக்குள் போவதால் அது எளிதில் நகரவில்லை.

அடுத்த முறை பாயசத்தில் ஏலக்காய் மணக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காயைப் பறித்தவர் அன்று காலை ஒரு மாநிலத்தில் அடுப்புப் பற்றவைத்து, பகலில் இன்னொரு மாநிலத்தில் குனிந்து நிமிர்ந்து, இருட்டுவதற்குள் 17 வளைவுகளை இறங்கி வந்தவராக இருக்கலாம்.