காணி குடியிருப்புகளில் வன உரிமைக் குழு

வன உரிமைக் குழு என்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, காட்டில் அல்லது காட்டை ஒட்டி வாழும் மக்களின் கிராம சபை தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் குழு ஆகும். உரிமை கோரும் மனுக்களைப் பெறுவது, நிலத்தை நேரில் பார்த்துச் சரிபார்ப்பது, கண்டதைச் சபையின் முன் வைப்பது ஆகியவை இதன் வேலை. தீர்மானம் செய்வது குழு அல்ல, சபை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்த ஏற்பாடு முதன்மையாகக் காணிக்காரர்களுக்கு உரியது. இச்சட்டம் 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது; அதற்கான விதிகள் 2008 ஜனவரி முதல் நாளில் வெளியாகி, 2012 செப்டம்பரில் பெரிய அளவில் திருத்தப்பட்டன.

காணிக்காரர்

தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் காணிக்காரர் இடம்பெறும்போது கூடவே ஊர்ப்பெயரும் வரும்: கன்னியாகுமரி மாவட்டம், திருநெல்வேலிப் பகுதியின் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள். மலைக்கு அப்பால் கேரளத்தின் திருவனந்தபுரம், கொல்லம் மாவட்டங்களிலும் இவர்கள் வாழ்கின்றனர். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை மாறியபோது ஒரே இனம் இரண்டு அரசுகளின் கீழ் வந்தது.

குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கோதையாறு, கடையால் பகுதிகளின் மலைகளில் இவர்களது குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. மரச்சீனி, நல்லமிளகு, ரப்பர், தேன் என்று பிழைப்பு கலந்தே நடக்கிறது. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணை நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. அதே அணையின் நீர்ப்பரப்பைப் படகில் கடந்துதான் தோட்டமலை போன்ற இடங்களுக்குப் போய்வர வேண்டியுள்ளது. 2008இல் இக்காடுகளின் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் ஆனது. ஆகவே, தாத்தா நட்ட பலாமரத்தின் அடியில் இருக்கும் வீட்டுக்கும் 'யாருடைய நிலம்' என்ற கேள்வி எழுகிறது.

பழைய ஊர் நிர்வாகம்

காணி குடியிருப்பின் மரபுத் தலைவர் மூட்டுக்காணி. அவரது சொல்லை ஊருக்கு அறிவித்து ஆட்களைக் கூட்டுபவர் விளிகாணி. வழிபாடும் மருத்துவமும் பிலாத்தியின் பொறுப்பு. வழக்கு தீர்ப்பது, திருமணம் பேசுவது, எந்தச் சரிவில் யார் பயிரிடுவது என்று பிரித்துக் கொடுப்பது எல்லாம் இந்த அமைப்புக்குள்ளேயே முடிந்தன.

திருவிதாங்கூர் அரசு 1911இல் மலைவாழ் மக்களை நடத்துவதற்கென்று தனி விதிகள் வெளியிட்டது. குடியிருப்புகள் வனத்துறையின் கண்காணிப்பின் கீழ் வந்தன. ஊர்த்தலைவர் அத்துறைக்கும் மக்களுக்கும் இடையில் நிற்பவர் ஆனார். நிலவரி இல்லாமல் பயிரிடலாம், ஆனால் நிலம் அவர்களுடையது ஆகாது. பாதுகாப்பும் கட்டுப்பாடும் ஒரே கையில் இருந்த ஏற்பாடு இது.

உலகின் வேறு இடங்களிலும் இந்தச் சாயலைக் காணலாம். அமெரிக்காவில் பைன் ரிட்ஜ் ஒதுக்கிடத்தைச் சேர்ந்த ஒக்லாலா சியூ மக்கள், 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தங்களுக்கென்று எழுத்து வடிவில் ஓர் அமைப்புச் சட்டம் வகுத்தனர். அது 1936இல் அரசின் ஒப்புதலைப் பெற்றது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு, அதன் அதிகாரங்கள், தேர்தல் முறை எல்லாம் அதில் உண்டு. எனினும் குழு இயற்றும் பல விதிகளை மறுபரிசீலனை செய்யும் அதிகாரம் மத்திய அரசின் உள்துறைச் செயலரிடமே இருந்தது. இந்திய வன உரிமைச் சட்டம் ஒரு முக்கியமான இடத்தில் இதிலிருந்து விலகுகிறது: கிராம சபையின் தீர்மானம் நிறைவேற எந்த அதிகாரியின் ஒப்புதலும் தேவையில்லை. ஆனால் பட்டா கைக்கு வருவதற்கு அதிகாரிகள் இருக்கும் மேல்நிலைக் குழுக்களைத் தாண்டியாக வேண்டும்.

எந்த ஊர், எந்த சபை?

தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டு ஊராட்சி விரிவாக்கச் சட்டம் இங்கு பொருந்தாது. வன உரிமைச் சட்டத்துக்கு அந்தத் தடை இல்லை. அது நாடு முழுவதும் செல்லும்.

இச்சட்டத்தில் 'கிராமம்' என்ற சொல்லின் பொருள் விரிவானது. ஊராட்சிச் சட்டம் கிராமம் என்று சொல்வது மட்டுமல்ல. வனக் கிராமங்கள், பழைய குடியிருப்புகள், அளவை செய்யப்படாத ஊர்கள் ஆகியவையும், கிராமமாக அறிவிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், கிராமமே. எனவே இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு காணி குடியிருப்பு தனக்கென்று தனிச் சபை கேட்க இடமுண்டு. இப்படிப்பட்ட சிற்றூர்களின் பட்டியலைத் தயாரிக்க வேண்டும் என்று 2012 திருத்தம் கூறுகிறது. ஊராட்சி முழுவதற்கும் ஒரே சபை கூட்டினால் என்ன நடக்கும்? மலையடிவாரத்துச் சமவெளி மக்களின் எண்ணிக்கையில் மலைமேல் இருப்பவர்களின் குரல் கரைந்துபோகும்.

குமரியில் இன்னொரு முடிச்சும் உண்டு. பேச்சிப்பாறை கிராம ஊராட்சி. ஆனால் மலையோரத்தின் கடையால், பொன்மனை ஆகியவை பேரூராட்சிகள். ஊராட்சிச் சட்டத்தின் கிராம சபை பேரூராட்சிக்குக் கிடையாது. வன உரிமைக்கான சபையைக் கூட்டுவது கிராம ஊராட்சியின் பொறுப்பு என்று விதி எழுதப்பட்டிருப்பதால், பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் குடியிருப்பில் யார் மணி அடிப்பது என்ற கேள்வி எழுகிறது. சட்டத்தின் 'பழைய குடியிருப்பு' என்ற விளக்கமே அங்கு பிடிமானம்.

குழுவின் அமைப்பும் கூட்ட விதிகளும்

சபையின் முதல் கூட்டத்தில் 10 பேருக்குக் குறையாமலும் 15 பேருக்கு மிகாமலும் குழு தேர்ந்தெடுக்கப்படும். அதில் மூன்றில் இரண்டு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். 12 பேர் கொண்ட குழுவில் பழங்குடியினர் 8 பேர், பெண்கள் 4 பேர் என்பது குறைந்த அளவு. தலைவரையும் செயலாளரையும் குழுவே தேர்ந்துகொண்டு உட்கோட்ட அளவிலான குழுவுக்குத் தெரிவிக்கும். மூட்டுக்காணிக்கு இதில் பதவிவழி இடம் இல்லை. அவரும் தேர்ந்தெடுக்கப்பட்டே வரவேண்டும்.

சபைக் கூட்டத்துக்கான வரம்புதான் பலருக்கும் தெரியாதது. தமிழ்நாட்டின் வழக்கமான கிராம சபைக்கு மக்கள்தொகையைப் பொறுத்து 50 முதல் 300 பேர் வந்தால் போதும். வன உரிமைக்கான சபையில் மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் இருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். உரிமை மனுக்கள் மீது தீர்மானம் போடும் நாளில் மனுதாரர்களில் பாதிப் பேரோ அவர்களின் பிரதிநிதிகளோ அமர்ந்திருக்க வேண்டும். 120 பெரியவர்கள் உள்ள ஊரில் 60 பேர் வந்து, அதில் 19 பெண்கள் மட்டும் இருந்தால் கூட்டம் செல்லாது. இருபதாவது பெண் வரவேண்டும். அதிகாலையில் ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்களையும் படகுக்குக் காத்திருப்பவர்களையும் ஒரே நேரத்தில் உட்காரவைப்பது சின்ன வேலை அல்ல. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ கைரேகையோ விடுபட்டால், பின்னாளில் முழுத் தீர்மானமும் கேள்விக்குள்ளாகலாம். கூட்டம் முறையாக அமைந்துவிட்டால், வந்து வாக்களித்தவர்களின் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

குழு உறுப்பினரே மனுதாரராகவும் இருந்தால், அதைக் குழுவுக்குச் சொல்லிவிட்டு, தன் மனு சரிபார்க்கப்படும்போது விலகி நிற்க வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் உறவினராக இருக்கும் சிற்றூரில் இவ்விதி சங்கடமானது, ஆனால் அங்குதான் அதிகம் தேவைப்படுவது.

மனுவிலிருந்து பட்டா வரை

மனுக்களைப் பெறும் அதிகாரம் சபைக்கும் அதன் குழுவுக்கும் மட்டுமே உண்டு; பெற்றதற்கு எழுத்தில் ஒப்புகை தரவேண்டும். மனுதாரருக்கும் வனத்துறைக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட்டு, குழு நிலத்துக்குச் செல்லும். வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் உடனிருந்து, தேதியும் பதவியும் குறித்துக் கையெழுத்திட வேண்டும்.

பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே நிலத்தை அனுபவித்து வந்ததற்கு, விதியில் கூறப்பட்ட சான்றுகளில் இரண்டாவது வேண்டும். அரசு ஆவணங்கள் மட்டுமே சான்று அல்ல. வீடு, கிணறு, சுடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவையும் கணக்கில் வரும். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வதை எழுதிச் சேர்த்தால் அதுவும் சான்றே. குழுவில் இடம் இல்லாத மூட்டுக்காணி, தன் நினைவின் வழியாக இங்கே மறுபடி உள்ளே வருகிறார். காகிதமே வைத்திராத மக்களுக்கு இது எத்தனை பெரிய வழி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சபையின் தீர்மானம் முதலில் உட்கோட்ட அளவிலான குழுவுக்குப் போகும். பத்மநாபபுரம் கோட்டத்தில் சார் ஆட்சியர் இதன் தலைவர். அடுத்தது மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. அதன் முடிவே இறுதியானது. மனு நிராகரிக்கப்பட்டால் காரணத்தை மனுதாரரிடம் நேரில் தெரிவிக்க வேண்டும். அவர் 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விசாரணை முடியும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

ஏற்கப்பட்ட நிலம் 4 எக்டேருக்கு மிகாது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா வரும். பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. தமிழ்நாட்டில் இந்தக் கடைசிப் படி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் தன் அனுமதியின்றிப் பட்டா வழங்கத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை விலக்கியது 2016இல்தான்.

பெயர் ஒத்த வேறு குழுக்கள்

மாணவர்கள் குழம்பிக்கொள்ளும் இடம் இது. வனத்துறையின் காடு வளர்ப்புத் திட்டங்களுக்காக அமைக்கப்பட்ட கிராம வனக் குழு வேறு. அது வன உரிமை மனுக்களைப் பெற முடியாது. காட்டையும் உயிரினங்களையும் பாதுகாக்கச் சபை தன் உறுப்பினர்களிலிருந்தே அமைக்கும் மற்றொரு குழுவும் வேறு. இந்தப் பாதுகாப்புக் குழு சமூக வன வளத்துக்கான மேலாண்மைத் திட்டம் தயாரிக்கும். தேன் போன்ற சிறு வனப் பொருட்களை வெளியே கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டையும் வழங்கலாம்.

சபையின் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒடிசாவின் நியம்கிரி மலை சான்று. அங்கு பாக்சைட் சுரங்கம் டோங்ரியா கோண்டு மக்களின் உரிமைகளைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்ய வேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. கூடிய 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை.

அதிகாரிகள் இச்சட்டத்தை மீறினால் கிராம சபையே தீர்மானம் போட்டு மாநிலக் கண்காணிப்புக் குழுவுக்கு அறிவிப்பு அனுப்பலாம். 60 நாட்களுக்குள் அக்குழு நடவடிக்கை எடுக்காவிட்டால் நீதிமன்றம் செல்லலாம். அந்தத் தீர்மானத்துக்கும் அதே பதிவேடு, அதே பாதிப் பேர், அதே மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.